சிக் பி365: நிறை, குறை, கைப்பக்குவம்

பத்துக்கு_ஒன்று:

2018 ஜனவரியில் சிக் சாவர் பி365-ஐ அறிமுகம் செய்தபோது, சட்டைக்குள் மறைத்துச் சுமக்கும் சின்ன 9 மி.மீ. பிஸ்டல்கள் ஆறு ஏழு தோட்டாவோடு நின்றுகொண்டிருந்தன. 2015-இல் வந்த க்ளாக் 43-க்கு 6+1, அதாவது மேகசின் என்ற தோட்டாப் பெட்டியில் ஆறு, தோட்டா வெடிக்கும் அறையான சேம்பரில் ஒன்று. பி365 கிட்டத்தட்ட அதே உடம்பில் 10+1 கொடுத்தது. வித்தை முழுக்க மேகசினில் இருக்கிறது: அடியில் தோட்டாக்கள் இரண்டு வரிசையாகச் சாய்ந்து அடுக்கி நிற்கும், மேலே போகப் போகக் கூடு ஒடுங்கி ஒற்றை வரிசையாகும். அதன்பின் 2019-இல் ஹெல்கேட், 2021-இல் ஷீல்டு பிளஸ், ருகர் மேக்ஸ்-9 என்று எல்லாரும் அந்தப் பாதையில் இறங்கினார்கள்.

அளவு: பேரல் (குழல்) 3.1 அங்குலம், மொத்த நீளம் 5.8, உயரம் 4.3. காலி மேகசினோடு 17.8 அவுன்ஸ், அதாவது ஏறக்குறைய 505 கிராம். 124 கிரெய்ன் (இது புல்லட்டின் எடை) தோட்டா ஒன்று முழுதாக சுமார் 12 கிராம். பதினொன்றும் ஏற்றினால் இடுப்பில் தொங்குவது 640 கிராம் பக்கம். இங்கே பேசுவது இந்த அடிப்படை மாடலைத்தான். 3.7 அங்குல பேரல் உள்ள எக்ஸ்எல்லின் குணம் வேறு, அதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

என் கணிப்பு இது: சுமக்கச் சுகம், சுடச் சிரமம். பெரிய பிஸ்டல் பொறுத்துப் போகிற தப்பை இது பொறுக்காது. பிடி, மேகசின், ஸ்பிரிங், அழுக்கு என எதில் கொஞ்சம் அசந்தாலும் உடனே காட்டிக் கொடுக்கும். வைத்திருப்பவர்கள் அவரவருக்குத் தெரிந்த நுணுக்கத்தை எழுதுங்கள். "சூப்பர் கன்" என்ற ஒற்றை வரிப் பதிவு யாருக்கும் உதவாது.

புதுவரவு:

அண்ணா, ரெண்டு சந்தேகம். கையில் பிடிச்சா சுண்டுவிரல் அந்தரத்துல தொங்குது, 12 தோட்டா மேகசின் வாங்கிடலாமா? அடுத்தது, கடைசித் தோட்டா போனதும், மேல முன்னும் பின்னும் ஓடுற ஸ்லைடு பின்னாடி நிக்கணும்ல, பாதி நேரம் நிக்க மாட்டேங்குது. துப்பாக்கியிலயே கோளாறா?

வெர்னியர்:

தம்பி, இரண்டாவது கேள்விக்கு முதலில் வருகிறேன். இந்தப் புகாரில் முக்கால்வாசி துப்பாக்கியின் தப்பே இல்லை.

பி365-இல் ஸ்லைடைப் பின்னால் பூட்டும் ஸ்லைடு ஸ்டாப் நெம்பு கட்டைவிரலுக்கு ரொம்பக் கிட்டத்தில் இருக்கிறது. இரண்டு கட்டைவிரலையும் முன்னால் நீட்டிப் பிடிப்பவர்களுக்கு வலது கட்டைவிரலின் சதை சரியாக அதன்மேல் உட்கார்ந்துவிடும். காலி மேகசினில் தோட்டாக்களைத் தாங்கும் ஃபாலோயர் தட்டு நெம்பை மேலே தள்ளும், விரல் கீழே அமுக்கும். விரல்தான் ஜெயிக்கும், ஸ்லைடு மூடிக்கொள்ளும்.

சோதித்துப் பாருங்கள். வலது கட்டைவிரலைத் தூக்கி இடது கட்டைவிரலின் முதுகில் வையுங்கள். மேகசினில் இரண்டே தோட்டா போட்டுச் சுடுங்கள். ஒவ்வொரு மேகசினுக்கும் ஐந்து முறை. எல்லாமே நின்றால் குறை பிடியில். ஒரு மேகசினில் மட்டும் நிற்கவில்லை என்றால் அந்த மேகசினின் ஸ்பிரிங்கிலோ ஃபாலோயரிலோ. எந்தப் பிடியிலும் எந்த மேகசினிலும் நிற்காவிட்டால்தான் நெம்பையும் அதன் ஸ்பிரிங்கையும் சந்தேகப்பட வேண்டும்.

இதற்கு நேர்மாறும் உண்டு: தோட்டா மிச்சம் இருக்கும்போதே ஸ்லைடு பின்னால் பூட்டிக்கொள்வது. அது பெரும்பாலும் இடது கட்டைவிரல் அடியிலிருந்து நெம்பை முட்டித் தூக்குவதால் வரும்.

இடுப்புவார்:

சுண்டுவிரல் விஷயம் என் பக்கம். 10 தோட்டா மேகசினுக்கு இரண்டு வகை அடிப்பட்டை உண்டு: தட்டையானது ஒன்று, விரல் தாங்க முன்பக்கம் நீண்டது இன்னொன்று. 12 மேகசின் பிடியை முழுக் கை கொள்கிற அளவுக்கு நீட்டிவிடும், சுடும்போது சொர்க்கம். ஆனால் சட்டைக்குள் துருத்திக் காட்டிக் கொடுப்பது பேரல் அல்ல, பிடியின் அடிமுனைதான். பேரல் கால்சட்டைக்குள் எவ்வளவு நீளம் போனாலும் யாருக்கும் தெரியாது. பிடி அரை அங்குலம் நீண்டால், குனியும்போது சட்டையில் ஒரு கூர்மூலை எழும்பும்.

அதனால் பலர் செய்வது: துப்பாக்கியில் 10, உதிரியாக 12. உதிரி மேகசின் பையில் செங்குத்தாக நிற்பதால் அதன் நீளம் பொருட்டில்லை. கலிஃபோர்னியா, நியூயார்க், நியூஜெர்சி மாநிலங்களில் மேகசினுக்குப் பத்துதான் வரம்பு. அங்கே 12-ஐ நினைக்கவே வேண்டாம், எல்லை தாண்டும் பயணத்திலும் இது ஞாபகம் இருக்கட்டும்.

துப்பாக்கி உறையான ஹோல்ஸ்டரில் பார்க்க வேண்டியவை. டிரிகரைச் சுற்றிய வளையமான டிரிகர் கார்டு இரண்டு பக்கமும் முழுக்க மூடியிருக்க வேண்டும், வெளியிலிருந்து அழுத்தினால் உள்ளே டிரிகர் அசையக் கூடாது. அதனால் மெத்தென்ற துணி ஹோல்ஸ்டர், எல்லா மாடலுக்கும் பொருந்தும் ஹோல்ஸ்டர் இரண்டையும் தள்ளுங்கள். பி365-க்கென்றே வார்த்த கைடெக்ஸ் (கடினப் பிளாஸ்டிக்) வாங்குங்கள். வயிற்றுப் பக்கம் செருகுவதென்றால் கிளிப்புக்கு அருகே "கிளா" என்கிற சின்னக் கொம்பு இருக்கட்டும். பெல்ட் அதை அழுத்த, அது பிடியை உடம்புப் பக்கம் திருப்பும். ஹோல்ஸ்டரின் கீழ்முனைக்குப் பின்னால் ஒரு நுரை ஆப்பு ஒட்டினால் முனை வெளியே போய் மேல்பாகம் வயிற்றோடு சாயும். சின்னப் பிஸ்டலுக்கு இந்த ஆப்பு ரொம்ப அவசியம். பேரல் குட்டை, பெல்ட்டுக்குக் கீழே எதிர்ப்பாரம் கிடையாது, அதனால் தலைகனத்துப் பிடி வெளியே சாயப் பார்க்கும். எக்ஸ்எல் சில பேருக்கு இதைவிட நன்றாக மறைவதன் ரகசியமும் அதுதான்.

திருகுகள் நடையின் அதிர்விலேயே கழலும். இறுக்கம் சரிபார்த்தபின் நீல நிற லாக் திரவம் ஒரு சொட்டு விடுங்கள். சிவப்பு வேண்டாம், அப்புறம் சூடு காட்டித்தான் கழற்ற வேண்டும்.

எண்ணெய்ப்பிசுக்கு:

இடுப்புவார் சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். துப்பாக்கியை எடுப்பதில் அவசரம் இருக்கலாம், திரும்ப வைப்பதில் அவசரமே கிடையாது. விபத்து நடப்பது வைக்கும்போதுதான். ஜாக்கெட்டின் இழுகயிறும் அதன் முனையில் உள்ள பிளாஸ்டிக் உருண்டையும் டிரிகர் கார்டுக்குள் போய் மாட்டும், டீஷர்ட்டின் மடிப்பும் போகும். சட்டையை இன்னொரு கையால் மார்புவரை தூக்கிப் பிடித்து, கண்ணால் பார்த்து, மெல்ல இறக்குங்கள். உடம்பைக் கொஞ்சம் பின்னால் சாய்த்தால் முனை வெளிப்பக்கம் பார்க்கும். எங்கேயாவது தட்டுப்பட்டால் அழுத்தாமல் வெளியே எடுத்துப் பாருங்கள். அதைவிட நல்ல வழி: காலையில் ஹோல்ஸ்டரைக் கழற்றிய நிலையில் துப்பாக்கியை அதில் செருகிவிட்டு, இரண்டையும் ஒன்றாக இடுப்பில் மாட்டுவது.

புதுவரவு:

சிக்கோட பி320 கீழே விழுந்தா தானா வெடிக்குதுன்னு ஏகப்பட்ட பேச்சு ஓடுதே, இதுக்கும் அந்தப் பிரச்சினை உண்டா? கட்டைவிரலால தட்டுற தம்ப் சேஃப்டி பூட்டு இருக்கிற மாடலா எடுக்கணுமா?

வெர்னியர்:

2017-இல் சிக் தானாக முன்வந்து அறிவித்த மேம்பாடு பி320-க்கு. பி365 அதற்கு அடுத்த வருடம் வந்தது. உள்ளமைப்பு வேறு, அந்த டிரிகர் பாகங்கள் இதற்குப் பொருந்தவே பொருந்தாது. இரண்டையும் ஒரே மூட்டையில் கட்ட வேண்டாம்.

தம்ப் சேஃப்டி உங்கள் பழக்கத்தைப் பொறுத்தது. டிரிகர் இழுப்பு 6 பவுண்டு பக்கம், நீளமும் அதிகமில்லை. சேஃப்டி இருந்தால் திரும்ப வைக்கும்போது நிம்மதி. ஆனால் ஒவ்வொரு பயிற்சியிலும் அதைத் தட்டிவிட்டே சுட்டுப் பழக வேண்டும். பாதி நாள் தட்டி, பாதி நாள் தட்டாமல் இருப்பதுதான் ஆபத்து. பிற்பாடு பிளாஸ்டிக் பிடியான கிரிப் மாட்யூலை மாற்றும் எண்ணம் இருந்தால், சேஃப்டி மாடலுக்கு அந்த நெம்பு வெளியே வர வெட்டு உள்ள மாட்யூலாகப் பார்த்து வாங்குங்கள்.

மாட்யூல் என்றதும் இன்னொன்று: சட்டப்படி "துப்பாக்கி" என்பது உள்ளே இருக்கும் எஃகுக் கூடுதான். வரிசை எண் அதில் பொறித்திருக்கும், பிடியின் சின்ன ஜன்னல் வழியாகத் தெரியும். பிளாஸ்டிக் பிடி வெறும் உதிரிப் பாகம்.

பத்துக்கு_ஒன்று:

மேகசின் பற்றி யாரும் இன்னும் தொடவில்லை.

புதிதில் ஸ்பிரிங் கல். எட்டு வரை விரலால் போகும், ஒன்பதாவதில் கட்டைவிரல் நகம் சிவக்கும், பத்தாவது "நான் ஏன் இதை வாங்கினேன்" என்று கேட்க வைக்கும். ஏற்ற உதவும் லோடர் கருவி ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். முழுதாக ஏற்றி நாலைந்து நாள் அப்படியே வைத்தால் கொஞ்சம் இளகும். அமுங்கியே கிடந்தால் ஸ்பிரிங் செத்துப்போகும் என்ற பயம் வேண்டாம். தேய்மானம் பெரும்பாலும் அமுங்கி விரிந்து அமுங்கி விரிவதில்தான்.

முழு மேகசினை, ஸ்லைடு மூடியிருக்கும்போது செருகினால் மேல் தோட்டா ஸ்லைடின் அடியில் முட்டும், அதற்கு இன்னும் கொஞ்சம் அமுங்க வேண்டும். மெதுவாகத் தள்ளினால் "கிளிக்" வராமலே நின்றுவிடும், உள்ளே போய்விட்டதாகத்தான் தோன்றும். முதல் தோட்டா சுட்டதும் மேகசின் காலடியில் விழும். உள்ளங்கை அடிப்பாகத்தால் ஓங்கித் தள்ளுங்கள், பிறகு அடிப்பட்டையைப் பிடித்துக் கீழே இழுத்துப் பாருங்கள். 10+1 வைப்பவர்களுக்கு இந்த இழுத்துப் பார்த்தல் தினசரி வேலை.

ஏற்றி முடித்ததும் மேகசினின் முதுகை உள்ளங்கையில் இரண்டு தட்டு தட்டுங்கள். தோட்டாக்கள் பின்னால் ஒட்டி நிற்கும். முன்னால் நகர்ந்து நின்றால் மூக்கு தாழ்ந்து, பேரலுக்குள் ஏறும் வழியிலுள்ள சாய்வில் குத்தும்.

வெர்னியர்:

மூக்கு குத்துவது என்றதும் கோளாறுகள் எல்லாவற்றையும் ஒரு சேர எழுதிவிடலாம் என்று தோன்றுகிறது. "ஜாம் ஆகுது" என்று மட்டும் சொன்னால் யாராலும் உதவ முடியாது. எங்கே நின்றது, எந்த மேகசின், எத்தனையாவது தோட்டா, எந்தத் தோட்டா: இந்த நாலும் வேண்டும். மேகசின்களின் அடியில் 1, 2, 3 என்று பெயிண்ட் பேனாவால் எழுதுங்கள். பாதிக் கோளாறு அந்த எண்ணைப் பார்த்தவுடனே பிடிபடும்.

ஸ்லைடு கடைசி மூன்று நாலு மில்லிமீட்டர் மூடாமல் நிற்கிறது: முதல் தோட்டாவிலேயே என்றால், ஸ்லைடைக் கையால் பிடித்துக் கொண்டுவந்து மூடியிருப்பீர்கள். முழுக்கப் பின்னால் இழுத்து, அப்படியே விட்டுவிட வேண்டும். சுடும்போது நடுவில் என்றால் ஸ்லைடு ஓடும் வறண்ட தண்டவாளம், அழுக்கு சேம்பர், ஸ்லைடைத் திரும்ப மூடும் ரிகாயில் ஸ்பிரிங்கின் களைப்பு, அல்லது இந்த சேம்பருக்குச் சேராத தோட்டா வடிவம். கடைசியானதைச் சோதிக்க பேரலைக் கழற்றி, சேம்பர் மேலே பார்க்கப் பிடித்து, தோட்டாவை உள்ளே போடுங்கள். "டொக்" என்று விழ வேண்டும், விரலால் சுழற்றினால் சுழல வேண்டும், கவிழ்த்தால் தானாக வெளியே விழ வேண்டும். ஒட்டிக்கொண்டால் அந்தத் தோட்டா வேண்டாம்.

சுட்ட தோட்டாவின் காலி கூடு புகைபோக்கி மாதிரி நிமிர்ந்து மாட்டுகிறது: முதலில் மணிக்கட்டு. ஸ்லைடு சின்னது, ஓடும் தூரம் குறைவு, ஸ்பிரிங்கோ இரட்டைச் சுருள், கடினம். சட்டகம் உறுதியாக நின்றால்தான் ஸ்லைடு முழுத்தூரம் ஓடும். கையும் சேர்ந்து பின்னால் போனால் விசை அங்கேயே கரைந்துவிடும். பெரிய பிஸ்டலில் அதே தளர்ந்த பிடி எந்தக் கோளாறும் காட்டாமல் போகலாம். இதில் காட்டும். இரண்டாவது காரணம் வலுக்குறைந்த பயிற்சித் தோட்டா. கூட்டை வெளியே இழுக்கும் எக்ஸ்ட்ராக்டர் கொக்கி மூன்றாவது.

"டக்" சத்தம் மட்டும், வெடிக்கவில்லை: துப்பாக்கி முனையைப் பாதுகாப்பான திசையிலேயே வைத்து முப்பது விநாடி காத்திருங்கள், பிறகு வெளியே எடுத்து, தோட்டாவின் அடியிலுள்ள பற்றவைப்பு மூடியான பிரைமரைப் பாருங்கள். ஆழமான குழி இருந்தால் தோட்டாவின் குறை. ஆழமில்லாத குழி என்றால் ஸ்லைடு முழுதாக மூடாமல் இருந்திருக்கலாம், அல்லது பிரைமரைக் குத்தும் ஊசியான ஸ்ட்ரைக்கரின் குழாயில் எண்ணெயும் கரியும் சேர்ந்து பசையாகியிருக்கும்.

வழக்கத்தைவிட மெலிந்த "புஸ்" சத்தம்: அங்கேயே நிறுத்துங்கள். தட்டி இழுத்து அடுத்ததைச் சுடக் கூடாது. புல்லட் பேரலுக்குள்ளேயே நின்றிருக்கலாம், பின்னால் இன்னொன்று போனால் பேரல் பிளக்கும். மேகசினைக் கழற்றி, சேம்பரைக் காலி செய்து, பேரலைப் பிரித்தெடுத்து, வெளிச்சத்தில் பார்த்தபின்தான் மறுபேச்சு.

நொட்டாங்கை:

இடதுகைக்காரர்களுக்கு: மேகசின் பட்டனை வலதுபக்கம் மாற்றிக்கொள்ளலாம். ஸ்லைடு ஸ்டாப் இடதுபக்கம் மட்டும்தான். அதனால் எங்களுக்கு வெர்னியர் சொன்ன கட்டைவிரல் தொல்லை அறவே இல்லை, அது ஒரு லாபம். ஸ்லைடை விடுவிக்க நெம்பைத் தேடாமல், மேலிருந்து பிடித்துப் பின்னால் இழுத்து விட்டுப் பழகுங்கள். பட்டனை மாற்றினால் ஹோல்ஸ்டர் அந்தப் பக்கம் பட்டனை அழுத்தாமல் இருக்கிறதா என்று ஒரு முறை பார்த்துக்கொள்ளவும்.

எண்ணெய்ப்பிசுக்கு:

பிரித்துத் துடைப்பது. மேகசினைக் கழற்று. ஸ்லைடைப் பின்னால் பூட்டு. சேம்பரைக் கண்ணால் பார், சுண்டுவிரலை விட்டும் பார். பிரிப்பதற்கான டேக்டவுன் நெம்பைக் கால் சுற்று திருப்பு. ஸ்லைடைப் பிடித்துக்கொண்டே விடுவித்து முன்னால் கழற்று. டிரிகரை இழுக்க வேண்டிய கட்டமே இதில் இல்லை, பெரிய நிம்மதி. பிறகு ரிகாயில் ஸ்பிரிங்கை முன்னால் அழுத்தித் தூக்கினால் வரும், அதன்பின் பேரல்.

எண்ணெய் எங்கே: ஸ்லைடின் தண்டவாளத்தில் நாலு இடம், பேரலின் வெளிப்புறம் ஸ்லைடில் உரசிப் பளபளக்கிற வட்டம், பேரல் மேல் தலைப்பகுதி, அடியில் சாய்ந்து பூட்டும் கொக்கி. ஒவ்வொன்றுக்கும் ஒரு துளி, அதையும் விரலால் பரப்பு. எங்கே உரசுகிறது என்று உலோகமே பளபளத்துச் சொல்லும், அங்கே வைத்தால் போதும். ஸ்ட்ரைக்கர் குழாயிலும் மேகசினுக்குள்ளும் ஒரு துளிகூடக் கூடாது. மேகசினுக்குள் விட்ட எண்ணெய் பஞ்சையும் மண்ணையும் பிடித்து வைத்துக்கொள்ளும்.

திரும்பப் பூட்டும்போது பலர் தப்பு செய்யும் இடம்: ரிகாயில் ஸ்பிரிங்கின் பின்முனை பேரல் அடியில் உள்ள அரைவட்டப் பள்ளத்தில் நேராக உட்கார வேண்டும். கொஞ்சம் ஏறி உட்கார்ந்தாலும் ஸ்லைடு ஏறும், ஆனால் பாதியில் பிடிக்கும். பிடித்தால் வலுக்காட்டாமல் கழற்றிப் பாருங்கள். பூட்டியபின் காலியாகவே ஒரு சோதனை: டிரிகரை இழுத்து அப்படியே பிடித்துக்கொண்டு ஸ்லைடை இழுத்து விடுங்கள். பிறகு டிரிகரை மெல்ல விட்டால் "கிளிக்" கேட்க வேண்டும், மறுபடி இழுத்தால் ஸ்ட்ரைக்கர் விழ வேண்டும்.

சுடாமல் வெறுமனே சுமப்பவர்களும் மாதம் ஒருமுறை பார்க்கத்தான் வேண்டும். டீஷர்ட் பஞ்சு குறிபார்க்கும் பின் சைட்டின் பள்ளத்தில் சாம்பல் நிற மெத்தை மாதிரி படியும். பேரல் முனைக்குள்ளும் போகும், எக்ஸ்ட்ராக்டர் கொக்கியின் அடியில் சுருண்டு கிடக்கும். பழைய பல்துலக்கி போதும். வியர்வையில் துருப்பிடிப்பது பெரும்பாலும் ஸ்லைடு அல்ல. சைட், ஊசிகள், திருகுகள், மேகசின் கூடு: இவைதான். கோடையில் தினமும் உலர்ந்த துணியால் உப்பைத் துடைத்து, எண்ணெய் தொட்ட துணியால் ஒரு இழுப்பு.

பத்துக்கு_ஒன்று:

ரிகாயில் ஸ்பிரிங் எப்போது மாற்றுவது என்று பலர் கேட்பார்கள். கையேட்டில் உள்ள ரவுண்டு எண்ணிக்கையைப் பின்பற்றுங்கள், அதற்கு நீங்கள் சுட்ட கணக்கு எழுதி வைத்திருக்க வேண்டும். சின்னப் பிஸ்டலில் ஸ்பிரிங் சீக்கிரம் களைக்கும், ஏனென்றால் குறைந்த இடத்தில் அதே 9 மி.மீ. விசையைத் தாங்குகிறது. கையால் பார்க்கும் வழி: துப்பாக்கி காலி, முனை வானத்தைப் பார்க்கட்டும். ஸ்லைடைக் கொஞ்சம் இழுத்து, கையோடு மெதுவாக மேலே விடுங்கள். அதுவாகவே முழுக்க மூட வேண்டும். கடைசி நாலு மில்லிமீட்டருக்குத் திணறினால், முதலில் துடைத்து எண்ணெய் விட்டுப் பாருங்கள். அப்படியும் திணறினால் புதுசு.

புதுவரவு:

தோட்டா எது எடுக்கலாம்? 115, 124, 147ன்னு ஆளுக்கு ஒண்ணு சொல்றாங்க.

வெர்னியர்:

பயிற்சிக்கு எது மலிவோ அது, துப்பாக்கி ஓட்டினால் சரி. இடுப்புக்கு, பட்டதும் விரியும் ஹாலோ பாயிண்ட். இங்கே பேரல் நீளம் முக்கியம். 4 அங்குலத்திலிருந்து 3 அங்குலத்துக்கு வந்தால் தோராயமாக விநாடிக்கு 30 முதல் 50 அடி வேகம் குறையும். வேகம் குறைந்தால் சில புல்லட்டுகள் விரியாமல் சாதாரணப் பயிற்சித் தோட்டா மாதிரி ஊடுருவிப் போகும். சில விரிந்தாலும் ஆழம் போகாது. எஃப்பிஐ அளவுகோலில் 10 சதவீத ஜெலட்டினில் 12 முதல் 18 அங்குலம் போக வேண்டும். ஸ்பியர் கோல்டு டாட் ஷார்ட் பேரல் மாதிரி குட்டை பேரலுக்கென்றே வடிவமைத்தவை உண்டு. 124 அல்லது 147 கிரெய்ன் ஹாலோ பாயிண்டில், 3 அங்குல பேரலில் சுட்டுக் காட்டிய சோதனை முடிவு உள்ளதாகப் பாருங்கள். இந்தப் பிஸ்டல் +பி என்கிற கூடுதல் அழுத்தத் தோட்டாவைத் தாங்கும், ஆனால் உதைப்பும் தேய்மானமும் கூடும், குறி திரும்ப இலக்குக்கு வரும் நேரமும் நீளும். இந்த எடையில் சாதாரண அழுத்தமே என் தேர்வு.

எதை எடுத்தாலும், சுமக்கும் மேகசின்களிலேயே குறைந்தது 50 தோட்டா கோளாறில்லாமல் ஓடிய பிறகுதான் இடுப்புக்கு. அதற்குமுன் பயிற்சித் தோட்டா ஒரு 200 ஓடியிருக்கட்டும்.

கண்ணுக்குத் தப்பும் ஒன்று: தினமும் இரவில் சேம்பரைக் காலி செய்து காலையில் அதே தோட்டாவை மறுபடி ஏற்றுகிறவர்கள் கவனிக்க. ஒவ்வொரு முறையும் மூக்கு சாய்வில் மோதுகிறது, புல்லட் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுக்குள் இறங்கும். உள்ளே இடம் சுருங்கினால் அழுத்தம் எகிறும். பெட்டியிலிருந்து புதுசு ஒன்றை எடுத்து இரண்டையும் மேசையில் பக்கத்தில் நிறுத்துங்கள். கண்ணுக்கே குட்டையாகத் தெரிந்தால் அது ஒதுக்க வேண்டியது, ரேஞ்சிலும் சுட வேண்டாம். வெர்னியர் காலிபர் இருந்தால் இன்னும் நல்லது, என் பெயரே அதற்குத்தான். அடிக்கடி காலி செய்யாமல், ஹோல்ஸ்டரோடு கழற்றிப் பூட்டுப்பெட்டியில் வைத்தால் இந்தத் தொல்லையே இல்லை.

நொட்டாங்கை:

சுட்ட கூடுகளின் பிரைமரில் குழியிலிருந்து ஒரு வால் நீண்டு கண்ணீர்த்துளி மாதிரி தெரிகிறதே, அது சரியா?

வெர்னியர்:

பிரைமர் டிராக். பேரல் பூட்டுவிட்டுக் கீழே சாயும்போது ஸ்ட்ரைக்கர் முனை இன்னும் பிரைமருக்குள் இருந்தால் இழுபடும். சின்ன ஸ்லைடு சீக்கிரம் ஓடுவதால் இந்த வகையில் சகஜம். 2018-இல் முதலில் வந்தவற்றில் ஸ்ட்ரைக்கர் முனை உடைந்ததாகப் புகார்கள் எழுந்தன. சிக் பிறகு அந்தப் பாகத்தை மாற்றியது. லேசான வால் இருந்தால் விட்டுவிடலாம். பழைய கை மாறிய துப்பாக்கி வாங்குவதென்றால் வரிசை எண்ணைச் சொல்லி உற்பத்தியாளரிடம் கேட்டு, ஸ்ட்ரைக்கர் முனையை பூதக்கண்ணாடியில் ஒருமுறை பார்த்துவிடுங்கள். முனை உருண்டையாக, ஓரம் பெயராமல் இருக்க வேண்டும்.

இடுப்புவார்:

குறி கீழே விழுகிறது என்பவர்களுக்கு: சிக் சைட்டில் முன்புள்ளி இலக்கை மூடி நிற்க வேண்டும். முன்முள்ளின் மேல் ஓரத்தை இலக்கின் அடியில் வைத்துப் பழகியவர்களுக்குக் குண்டு தாழ்ந்தே போகும். மூட்டை மேல் தாங்கிச் சுட்டுப் பாருங்கள். அப்போது நடுவில் விழுந்தால் சைட்டைத் தொடாதீர்கள், உதைப்பை எதிர்பார்த்துக் கை முன்னால் குத்துகிறது. சைட்டை இருட்டில் ஒளிரவைக்கும் டிரிடியம் 12.3 வருடத்தில் பாதி வெளிச்சமாகும், பழையது வாங்குபவர்கள் இருட்டில் ஒருமுறை பார்க்கவும். சிவப்புப் புள்ளியால் குறிகாட்டும் ரெட் டாட் பொருத்துபவர்கள் அந்த ஸ்லைடுக்குப் பொருந்தும் நீளமுள்ள திருகையே போடுங்கள். கூடுதல் நீளத் திருகு சில ஸ்லைடுகளில் எக்ஸ்ட்ராக்டர் குழிவரை எட்டி அதை முடக்கும்.

புதுவரவு:

கட்டைவிரலைத் தூக்கி வச்சுச் சுட்டேன். 1, 2 ரெண்டு மேகசினும் ஐந்துக்கு ஐந்து. 3 மட்டும் ஐந்துல ரெண்டு தடவை நிக்கல.

வெர்னியர்:

அப்படியென்றால் கோளாறு மூன்றில் அடைபட்டிருக்கிறது, துப்பாக்கி தப்பித்தது. அடிப்பட்டையின் பட்டனை அமுக்கிக் கழற்றுங்கள், ஸ்பிரிங் மேல் கட்டைவிரல் வைத்துக்கொண்டு, இல்லாவிட்டால் கூரையில் தேட வேண்டியிருக்கும். கழற்றும் முன் ஸ்பிரிங் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்று போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். ஃபாலோயரில் நெம்பைத் தள்ளும் மூலை தேய்ந்திருக்கிறதா, கூட்டின் உள்விளிம்பில் பிசிறு தட்டுப்படுகிறதா, ஸ்பிரிங் தலைகீழாகப் பூட்டியிருக்கிறதா பாருங்கள். 1-இன் ஸ்பிரிங்கை 3-இல் போட்டுச் சுடுங்கள். கோளாறு ஸ்பிரிங்கோடு நகர்ந்தால் ஸ்பிரிங், கூட்டிலேயே நின்றால் ஃபாலோயர் அல்லது கூடு. முடிவு தெரிகிறவரை 3 ரேஞ்சுக்கு மட்டும்.